கார் மறுக்கிற அந்த இருபது நிமிடம்

கேள்வி: அண்ணா, நான் கனடாவில் மார்க்கம் நகரத்தில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 1987 போர்ஷே 944 ஒன்று வாங்கினேன், டர்போ இல்லாதது, மனுவல் கியர். காலையில் திறப்பைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் ஓடிப்போய் எங்கேயாவது நிறுத்தி, கடைக்குள் போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் சில நாட்களில் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. அரை மணித்தியாலம் பொறுத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மாதத்தில் மூன்று நான்கு தரம் இப்படி நடக்கிறது. ஒரு கராஜில் பற்றரியை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். 1,100 டொலருக்கு மேல் போய்விட்டது. இப்போது கொம்பியூட்டரை மாற்ற வேண்டும், 1,800 டொலர் வரும் என்கிறார்கள். நடுவழியில் நின்றுவிடும் என்று அப்பா அந்தக் காரில் ஏறவே பயப்படுகிறார். மாற்றவா, விற்கவா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். கொம்பியூட்டருக்கு இன்னும் காசு கட்டவில்லை என்றால் இன்றைக்கே போன் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், பிழை எங்கே இருக்கக்கூடும் என்பதில் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதை வடிவாகக் கேட்டு விளங்கிக்கொள்ள அந்த இரண்டு கராஜிலும் ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் பெறுமதியான வசனம் இதுதான்: "எஞ்சின் சுற்றும், பிடிக்காது." கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லி என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், சுற்றுகிறதா இல்லையா என்று. திறப்பைத் திருப்பும்போது ஒரு கிளிக் சத்தம் மட்டும், அல்லது அதுவும் இல்லை என்றால் அது பற்றரி, பற்றரி வயர், ஸ்டார்ட்டர் மோட்டர் பக்கத்துச் சிக்கல். எஞ்சின் நன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் பற்றரியும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, வேறு யாரோ செய்யவில்லை. ஆக, முதல் கராஜ் பற்றரியை மாற்றியது உங்கள் நோய்க்குச் சம்பந்தமே இல்லாத மருந்து. (சுற்றும் வேகம் குறைந்திருந்தால் கதை வேறு. பற்றரி வோல்ட் சுற்றும்போது 10க்குக் கீழே விழுந்தால் கொம்பியூட்டர் தடுமாறும். ஆனால் காலைக் குளிரிலேயே ஒரே திருப்பில் பிடிக்கிற காருக்கு அது பொருந்தாது.)

இரண்டாவது பெறுமதியான செய்தி, கடைக்குப் போய் வந்தபிறகுதான் வருகிறது என்பது. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அறைக்குள் காற்று அடித்துக்கொண்டும் தண்ணீர் சுற்றிக்கொண்டும் இருக்கும், சூடு கட்டுக்குள் நிற்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், எஞ்சினின் இரும்புக்குள்ளும் அலுமினியத்துக்குள்ளும் இருக்கிற சூடு மெல்ல வெளியே வந்து பொனற்றுக்கு அடியில் தேங்கும். அதனால் ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அங்கே இருக்கிற வயர், பிளக், ரிலே எல்லாம் அதிகம் சூடாகின்றன. நீங்கள் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற நேரம் சரியாக அந்த உச்சத்தில் விழுகிறது. அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும், காரும் பிடித்துவிடும். வெடித்துப்போன ஈயப்பற்று, உள்ளே நூலளவில் அறுந்த செப்புக் கம்பி, இப்படியான பிழைகள்தான் சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பெற்றோல் பம்புக்கு வருவோம், ஏனென்றால் அது எப்படி மாற்றப்பட்டது என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. இன்றைய கார்களில் திறப்பை ஒரு படி திருப்பியதும், எஞ்சின் சுற்ற முன்பே, பின்பக்கம் பம்ப் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று ஓடி நிற்கும். அதைக் கேட்டுப் பழகிய ஆள் உங்கள் காரில் திறப்பைத் திருப்பிவிட்டுக் காது கொடுத்திருப்பார், சத்தமில்லை, பம்ப் செத்துவிட்டது என்று எழுதிவிட்டார். 944 இல் அப்படி வராது. அந்தக் காரின் கொம்பியூட்டர் எஞ்சின் உண்மையாகவே சுற்றுகிறது என்று தனக்குத் தெரிந்தபிறகுதான் பம்புக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லும். வெறும் திறப்புக்குப் பம்ப் ஓடாமல் இருப்பது அந்தக் காரின் இயல்பு. உங்கள் பழைய பம்ப் பெட்டிக்குள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், நல்ல பம்பாகத்தான் இருக்கும்.

இதற்குமேல் சொல்லப்போவதற்கு அந்தக் கார் எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் 2.5 லீற்றர் எஞ்சின், போர்ஷே 928 இன் வி8 எஞ்சினைப் பாதியாக வெட்டியதுபோன்ற வடிவமைப்பு, நான்கு சிலிண்டர். நெருப்புப் பொறி, பெற்றோல் இரண்டையும் பொஷ் மோட்ரோனிக் என்ற ஒரே பெட்டிதான் பார்க்கிறது, 944 காரர்கள் அதை டிஎம்இ என்பார்கள். அந்தப் பெட்டி வேலை செய்ய மூன்று விடயம் வேண்டும். ஒன்று மின்சாரம், அது டிஎம்இ ரிலே வழியாக வருகிறது, ரிலே என்றால் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச். இரண்டு நல்ல எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற வழி. மூன்று, எஞ்சின் சுற்றுகிறது, இந்த வேகத்தில், இந்த இடத்தில் என்று சொல்லும் இரண்டு சென்சர்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனாலும் பொறியும் இல்லை, பெற்றோலும் இல்லை, எஞ்சின் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டி பழுதென்று வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத் தோன்றுவது இதனால்தான். பெட்டி சும்மா இருக்கிறது, அதற்குச் சாப்பாடு வரவில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கார் நன்றாக இருக்கும்போது எந்தச் சாமானையும் மாற்றாதீர்கள், யாரையும் மாற்றவும் விடாதீர்கள். காய்ச்சல் இறங்கினபிறகு நாடி பிடித்து என்ன பயன்? உங்கள் கார் இழுவை லொறியில் ஏறிக் கராஜுக்குப் போய்ச் சேருகிறபோது ஆறிப்போயிருக்கும், மெக்கானிக் திறப்பைத் திருப்ப உடனே பிடிக்கும், அவர் எதையாவது மாற்றிவிட்டுத் தருவார், நீங்கள் ஒரு கிழமை நன்றாக ஓடுவீர்கள், திருத்தியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நம்புவீர்கள். இடைக்கிடை வருகிற பிழை அது மறுக்கிற நேரத்தில்தான் பிடிபடும். உங்களுக்கு ஒவ்வொரு தரமும் இருபது நிமிடம் கிடைக்கிறது. பதறிப்போய்த் திரும்பத் திரும்பத் திறப்பைத் திருப்புவதிலும் போன் பண்ணுவதிலும் அந்த நேரத்தைத் தொலைத்துவிடாமல், அப்போதுதான் சோதிக்க வேண்டும், அதற்கான சாமான்களைக் காருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

என்ன சாமான்? ஒரு புதிய டிஎம்இ ரிலே. வோல்ட்டும் ஓமும் (மின்தடை) அளக்கிற ஒரு சின்ன மல்டிமீற்றர். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்கும் அதன் வயருக்கும் நடுவில் மாட்டுகிற ஸ்பார்க் டெஸ்டர், பொறி வந்தால் உள்ளே மின்னும் வகை. ஒரு டோர்ச். ஒரு தீயணைப்புச் சிலிண்டர், இது சோதனைக்கு இல்லை, பழைய பெற்றோல் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்வது.

அடுத்த தரம் மறுக்கும்போது செய்யவேண்டிய முதல் வேலைக்கு ஒரு சாமானும் வேண்டாம். திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சுற்றவிட்டு, ஐந்து விநாடி, எஞ்சின் வேகம் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளை மட்டும் பாருங்கள். அது பூச்சியத்தில் செத்துக் கிடக்கிறதா, அல்லது கொஞ்சம் எழும்பித் துடிக்கிறதா? நல்லாக இருக்கிற நாளில் அது எப்படித் துடிக்கிறது என்று முன்கூட்டியே ஒரு காலையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மிகச் சின்ன அசைவுதான், கவனிக்காவிட்டால் தவறிவிடும். போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. முள் துடித்தால் கொம்பியூட்டர் விழித்திருக்கிறது, சென்சர்கள் பேசுகின்றன, பொறிக்கான கட்டளை போகிறது என்று அர்த்தம். அப்போது தேட வேண்டியது பெற்றோல் பக்கம், இல்லை என்றால் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிற கொயில், அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டர் பக்கம். முள் அசையவே இல்லை என்றால் கொம்பியூட்டருக்கு மின்சாரமோ, எர்த்தோ, சென்சர் செய்தியோ போகவில்லை. ஐந்து விநாடியில் உங்கள் தேடலில் பாதி கழிந்துவிட்டது பாருங்கள். என் அனுபவத்தில், நீங்கள் விவரித்த மாதிரி ஆறினதும் பிடிக்கிற 944 களில் முள் அநேகமாகக் கிடையாகத்தான் கிடக்கும்.

கிடையாகக் கிடந்தால் அடுத்தது ரிலே. 1987 காரில் பியூஸ் பெட்டி பொனற்றைத் திறந்ததும் ஓட்டுநர் பக்கத்தில், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. மூடியைக் கழற்றினால் ரிலேக்கள் வரிசையாக நிற்கும், டிஎம்இ ரிலே நிற்கிற இடம் ஜி25. அதை நேராக மேலே இழுத்துக் கழற்றிப் புதியதை அழுத்திப் பூட்டுங்கள், அரை நிமிட வேலை. திறப்பைத் திருப்புங்கள். பிடித்துவிட்டதா? சரி, இங்கேதான் எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பழைய ரிலேயை உடனே திரும்பப் போட்டுப் பாருங்கள். மறுபடி மறுத்தால், பிறகு புதியதைப் போட்டதும் பிடித்தால், அதுதான் குற்றவாளி, சந்தேகமே இல்லை. பழையதைப் போட்டும் பிடித்துவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் கார் தானாக ஆறியிருக்கலாம் அல்லது ரிலே ஆடி அசைந்து தற்காலிகமாகத் தொட்டிருக்கலாம், இன்னொரு நாள் பார்க்க வேண்டும். இந்தத் திரும்பப் போட்டுப் பார்க்கிற பொறுமை இல்லாததால்தான் இடைக்கிடைப் பிழைகளில் இவ்வளவு காசு அழிகிறது.

அந்த ரிலே ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒன்றைத் திறந்து பார்த்தால் விளங்கும். மிசிசாகாவில் இருந்து ஒருவர் 1986 காரைக் கொண்டு வந்தார், உங்கள் கதையேதான். ரிலேயின் பிளாஸ்டிக் மூடியை அடிப்பக்க விளிம்பில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றினேன். உள்ளே இரண்டு ரிலேக்கள் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, ஒன்று கொம்பியூட்டருக்கு, மற்றது பெற்றோல் பம்புக்கு. அடியில் ஒரு சின்னச் சுற்றுப்பலகை. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. பூதக்கண்ணாடியை வைத்து டோர்ச்சைச் சாய்த்து அடித்தபோது ஒரு காலைச் சுற்றி ஈயப்பற்றில் தலைமயிர் அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது, சின்ன விரல் மோதிரம் மாதிரி முழு வட்டம். அந்தக் கால் ஈயத்துக்குள் நிற்கிறது, ஆனால் ஒட்டவில்லை. மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் அசைந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக ஆயிரக்கணக்கான தரம் சூடாகி ஆறி, விரிந்து சுருங்கி, அந்தப் பற்று களைத்துப்போயிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஈயம் வைத்துக் கொடுத்தேன், கூடவே புதிய ரிலே ஒன்றும் பூட்டிவிட்டேன், பழையது இப்போது அவர் கையுறைப் பெட்டியில் உபரியாக இருக்கிறது. 1984 முதல் 1989 வரை வந்த 911 கரேரா 3.2 வைத்திருக்கிறவர்களும் இதே மாதிரி ரிலேயை உபரியாகக் கொண்டு திரிவார்கள், கேட்டுப் பாருங்கள்.

ரிலே இடத்தில் 30, 87, 87பி (87b) கால்களைக் கம்பியால் இணைத்து ரிலேயைத் தாண்டிவிடலாம் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். சோதனைக்கு அது சரி. 30ஐயும் 87பியையும் மட்டும் 20 அம்பியர் பியூஸ் போட்ட வயரால் இணைத்தால் பெற்றோல் பம்ப் ஓட வேண்டும், பின்பக்கம் சத்தம் கேட்கும், பம்பும் அதன் வயரும் நல்லம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அப்படி இணைத்தபடி வீதியில் ஓட வேண்டாம். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது ரிலேயின் வேலை. கம்பி போட்டால், கடவுளே, ஒரு விபத்து நடந்து பெற்றோல் குழாய் வெடித்தாலும் பம்ப் தொடர்ந்து பெற்றோலை இறைத்துக்கொண்டே இருக்கும். உபரி ரிலே வாங்குகிற காசு பெரிதில்லை, கம்பியை வீட்டில் வையுங்கள்.

புதிய ரிலே போட்டும் முள் அசையவில்லை என்றால், சென்சர்கள்தான் எனக்கு அடுத்த சந்தேகம், உண்மையைச் சொன்னால் ரிலேக்குச் சமமான சந்தேகம். அவை எஞ்சினின் பின் முனையில், தடுப்புச் சுவரோடு ஒட்டி, கிளட்ச் கூட்டின் மேல் ஒரு தாங்கியில் பக்கத்தில் பக்கத்தாக நிற்கின்றன. ஒன்று எஞ்சினோடு சுற்றுகிற பறக்கும் சில்லின் (பிளைவீல்) பற்களை எண்ணி வேகத்தைச் சொல்கிறது, மற்றது சில்லில் உள்ள ஒரேயொரு ஊசியைப் பார்த்து எஞ்சின் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்கிறது. இரண்டும் உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், வேறொன்றுமில்லை. அந்தக் கம்பி எங்கோ ஓரிடத்தில் அறுந்து, ஆறி இருக்கும்போது தொட்டுக்கொண்டு, சூட்டில் விலகினால் உங்கள் கதை அச்சொட்டாக வரும். இரண்டின் வயரும் மூன்று கால் இணைப்புப் பிளக்குகளாக எஞ்சினின் பின்பக்கம் மேலே வந்து முடிகின்றன.

கார் மறுக்கிற அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றிச் சென்சர் பக்கத்தில் மல்டிமீற்றரை வையுங்கள். முதல் இரண்டு கால்களுக்கு நடுவில் 600 முதல் 1,600 ஓம் வரை காட்ட வேண்டும், பெரும்பாலும் 1,000க்குக் கிட்ட நிற்கும். மூன்றாவது கால் வயரின் கவசம், அதற்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் தொடர்பு இருக்கக்கூடாது, ஒரு லட்சம் ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். சூட்டில் மீற்றர் எல்லையில்லாமல் காட்டி, ஆறினபிறகு அதே சென்சர் 1,000 காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. ஆறின காரில் கராஜ்காரர் அளந்து "சென்சர் நல்லம்" என்று சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். எலெக்ட்ரோனிக் வேலைக்கு விற்கிற குளிர் ஸ்ப்ரே, தீப்பற்றாத வகை, ஒன்று இருந்தால் மறுக்கிற நேரத்தில் அந்தச் சென்சர்களில் அடித்துப் பாருங்கள், உடனே பிடித்தால் அதுவும் நல்ல சாட்சிதான்.

பிளக்கில் கைவைக்க முன் இரண்டு விடயம். அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் வறண்டு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், பலவந்தமாக இழுத்தால் கையோடு நொறுங்கி வந்துவிடும், கிளிப்பை மெல்ல நெம்பி விடுவித்துவிட்டு ஆறுதலாகக் கழற்றுங்கள். மற்றது, இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி, ஒன்றை மற்றதில் பூட்டினாலும் அழகாகப் பூட்டும், ஆனால் கார் ஒருபோதும் பிடிக்காது. டிஜி (DG), பிஜி (BG) என்று எழுத்துப் பொறித்திருக்கும், முதலாவது வேகச் சென்சர், இரண்டாவது இட அடையாளச் சென்சர், எண்ணெய்க்கறையில் அநேகமாக வாசிக்க முடியாது. கழற்ற முன் ஒன்றில் வெள்ளை டேப் சுற்றிவிடுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் டேப் சுற்றாமல் ஒரு பின்னேரம் முழுக்க இழந்திருக்கிறேன், அந்தக் காரின் சொந்தக்காரர் வெளியே கதிரையில் இருந்தபடி பொறுமையாகக் காத்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சென்சரை மாற்றவே வேண்டி வந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று போன வயதில்தான் மற்றதும் இருக்கிறது. பழையது தாங்கிக்குள் இறுகி ஒட்டியிருக்கும், வயரைப் பிடித்து இழுத்தால் தலை உள்ளே முறிந்து நின்றுவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள், வரவில்லை என்றால் தாங்கியோடு கழற்றி மேசையில் வைத்துத் தட்டி எடுப்பது நல்லது. தாங்கியை அசைத்தால் சென்சருக்கும் பற்களுக்கும் இடைவெளி மாறிவிடும், அது 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். எட்டிப் பார்க்க முடியாத அந்த இடத்தில் அதை எப்படி அளப்பது என்றால், வேகச் சென்சரின் நுனியில் 0.8 மிமீ தடிப்புள்ள ஒரு வாஷரைப் பசையால் ஒட்டி, அது பல்லின் உச்சியைத் தொடும் வரை தாங்கியை இறக்கி இறுக்கிவிட்டு, சென்சரை வெளியே எடுத்து வாஷரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டுவது. இரண்டு பற்களுக்கு நடுவில் பள்ளத்தில் வாஷர் இறங்கிவிட்டால் கணக்குப் பிழைக்கும், பிறகு எஞ்சின் சுற்றும்போது பல் வந்து சென்சரில் அடிக்கும், அதனால் எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி உச்சிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மினக்கெட்ட வேலைதான், வேறு வழியில்லை.

எர்த் பற்றி நீட்ட மாட்டேன். ஜெர்மன் கார்களில் மண்ணிற வயர் எர்த். பற்றரியில் இருந்து பொடிக்குப் போவது, எஞ்சினின் பின்பக்கம் கிளட்ச் கூட்டில் போல்ட் போட்டிருப்பவை, இவற்றைக் கழற்றி வெள்ளி மினுங்கும்வரை உரஞ்சித் துடைத்து இறுக்குங்கள். நம்முடைய வீதிகளில் ஆறு மாதம் உப்பு, எர்த் முனைகள் பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்? இந்த ஒரு வேலையை மட்டும் கார் நன்றாக இருக்கும்போதே செய்யலாம், காசு செலவில்லை.

திறப்புச் சுவிட்சும் உண்டு. திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது வராமல், கையை விடுகிற அந்தக் கணத்தில் சில தரம் பிடிக்கிறது என்றால், பூட்டுக்குப் பின்னால் இருக்கிற மின்சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, ஸ்டார்ட் நிலையில் கொம்பியூட்டருக்குப் போகிற மின்சாரத்தை அது கைவிட்டுவிடுகிறது. திறப்பில் பெரிய கொத்து தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் அலாரம். அந்தக் காலத்து 944 களில் சிலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே அலாரம் பூட்டி வந்தது, வேறு சிலவற்றுக்குப் பழைய சொந்தக்காரர் யாரோ வாங்கிப் பூட்டியிருப்பார்கள், இரண்டுமே ஸ்டார்ட்டைத் தடுக்கக்கூடியவை. டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்து, கறுப்பு டேப் சுற்றிய, காரின் மற்ற வயர்களோடு சேராத ஒரு வயர்க் கொத்து தொங்குகிறதா என்று எழுதுங்கள்.

முள் துடித்தும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிவிட்டு இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கிற பழைய வழக்கம் வேண்டாம், அந்தக் கொயில் அடிக்கிற அடி விளையாட்டில்லை. பொறி வந்தால் பெற்றோல் அழுத்தம் பார்க்க வேண்டும். பெற்றோல் குழாயின் முனையில் சோதனைக்கு ஒரு வாய் இருக்கிறது, அதன் மூடிக்குள் ஒரு சின்ன உருண்டைக் குண்டு அடைப்பாக இருக்கும், கழற்றும்போது அது உருண்டு எஞ்சினுக்குள் எங்காவது விழுந்துவிடும், அடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சூடான எஞ்சினுக்கு மேலே கடை வாசலில் நின்று அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம், பெற்றோல் பீறி வரும். அது கராஜில் ஆறின எஞ்சினில் செய்கிற வேலை.

கொம்பியூட்டர் ஒருபோதும் பழுதாகாது என்று நான் சொல்லவில்லை. ரிலேக்குள் நடக்கிற அதே ஈய வெடிப்பு அதற்குள்ளும் நடக்கும். ஆனால் ரிலே, எர்த், இரண்டு சென்சர், திறப்புச் சுவிட்ச் எல்லாம் மறுக்கிற நேரத்தில் நல்லம் என்று நிரூபித்தபிறகு வருகிற கடைசிச் சந்தேகம் அது. அப்போதும் உங்களுடைய பெட்டியையே திறந்து பற்றுகளைத் திருத்தித் தருகிறவர்களிடம் கொடுக்கலாம். எங்கோ உடைந்த காரில் கழற்றிய, அதே வயதுள்ள இன்னொரு பெட்டியை 1,800 டொலர் கொடுத்து வாங்குவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது நீங்கள் எழுதாத இரண்டு விடயம். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், அதன்பிறகு காரின் விலையைவிடத் திருத்துகிற விலை கூடிவிடலாம். இப்போதைய பிழை பெல்ட் இல்லை, பெல்ட் போனால் ஆறினாலும் பிடிக்காது. ஆனால் பில்லில் திகதி இல்லை என்றாலோ நான்கு வருடம் தாண்டியிருந்தாலோ, கொம்பியூட்டருக்கு வைத்த காசைப் பெல்ட்டுக்கும் அதன் உருளைகளுக்கும் கொடுங்கள். எப்போதாவது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல், தையல் மெஷின் மாதிரி "வ்ர்ர்ர்" என்று சுற்றினால் அந்த நொடியே திறப்பை விட்டுவிடுங்கள். டிஸ்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம், பெல்ட் சுற்றுகிற காம் தண்டிலேயே நிற்கிறது, மூடியைக் கழற்றிவிட்டு ஒரு நொடி மட்டும் சுற்றும்போது உள்ளே இருக்கிற ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது.

மற்றது எஞ்சின் மேலே போகிற பெற்றோல் ரப்பர் குழாய்கள். தொழிற்சாலையில் பூட்டிய அதே குழாய்கள் இன்னும் இருந்தால், இந்த மாடலில் அவை வெடித்து எஞ்சின் தீப்பற்றுவது எல்லோருக்கும் தெரிந்த விடயம். பொனற்றைத் திறந்ததும் பெற்றோல் மணம் வந்தால் அன்றைக்குக் காரை எடுக்க வேண்டாம். மறுக்கிற நேரத்தில் அந்த மணம் வந்தாலும் அப்படித்தான், திறப்பைத் திருப்பவே கூடாது.

ஆக இந்த வார இறுதியில் எர்த் முனைகளைத் துடையுங்கள், ரிலே ஒன்று வாங்குங்கள், ஆறின எஞ்சினில் முள்ளின் துடிப்பையும் இரண்டு சென்சரின் ஓம் அளவையும் ஒரு துண்டில் எழுதி வெயில் மறைப்பில் சொருகி வையுங்கள். பிறகு கார் எங்காவது மறுக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வெயில் அடிக்கிற ஒரு பின்னேரம் நாற்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு வந்து, உங்கள் வீட்டு டிரைவ்வேயில் பொனற்றைத் திறக்காமல் நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்புங்கள். பிடித்தால் மறுபடி ஓடிவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு வாசலில், மீற்றர் கையோடு இருக்க, அது மறுக்கும் வரைக்கும் செய்யுங்கள்.

பிழையைக் கண்டு திருத்தியபிறகும் அதே சோதனைதான், பத்துத் தரம், வெவ்வேறு நாட்களில். பத்தும் பிடித்தால் பதினோராவது ஓட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிடுங்கள். போகிற வழியில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு, திறப்பை அவர் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.